ரூத்தின் புத்தகத்தை மாமியாரும் மருமகளும் ஒரே மேசையில் அமர்ந்து வாசிக்க

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ரூத்தின் புத்தகத்தில் இருப்பவை நான்கே அதிகாரங்கள், மொத்தம் 85 வசனங்கள். நிதானமாக உரக்க வாசித்தாலும் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அதனாலேயே நாம் அதை ஒரே மூச்சில் வாசித்து, “ரூத்தைப் போல மாமியாரிடம் விசுவாசமாக இருங்கள்” என்று மருமகள்களுக்கு ஒரு புத்திமதியைச் சொல்லி மூடிவைத்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எட்டுப் பெண்கள் கூடிய வாசிப்பில் நானும் அப்படித்தான் செய்தேன். திருமணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிராத ஒரு பெண், மற்றவர்கள் கிளம்பிய பிறகு மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, “அக்கா, மாமியார் நகோமி ரூத்தைத் திரும்பிப் போகத்தானே சொன்னாள்? அதை நீங்கள் சொல்லவே இல்லையே” என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டது சரி. அன்று முதல் இந்தப் புத்தகத்தை வாரத்திற்கு ஒரு மாலை, மாலைக்கு ஓர் அதிகாரம் என்று நான்கு வாரங்களில் வாசிக்கிறோம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் ‘விசுவாசம்’ என்ற ஒரே சொல், ஆலயத்தில் சொன்னால் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையாகவும், வீட்டில் சொன்னால் ஒரு மனிதரிடம் கொண்ட மாறாத பற்றாகவும் பொருள்படுகிறது. ரூத்திடம் இவ்விரண்டும் தனித்தனியாக இல்லை. “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்” என்று அவள் சொல்லும்போது மாமியாரையும் கடவுளையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்கிறாள். எபிரெய மூலத்தில் இந்தக் கதையின் உயிராக இருக்கும் சொல் ‘ஹெசெத்’. கடமை கேட்கும் அளவைத் தாண்டி, விட்டுவிலகாமல் செய்யும் அன்பு என்று அதை விளக்கலாம். நம் ஊரிலேயே அந்தச் சொல் ஒரு கட்டடத்தின் பெயரில் நிற்கிறது: ஆக்ஸ்லி ரைஸில் 1905இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்தின் பெயர் ‘செசெத்-எல்’. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் அதைப் பார்க்கலாம். இந்த வேதம் முதலில் அவர்களுடையது என்பதை வாசிப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. யூதர்கள் பஸ்கா பண்டிகைக்குப் பின் ஏழு வாரங்கள் எண்ணி வரும் அறுப்புப் பண்டிகையின்போது ரூத்தின் புத்தகத்தை வாசிக்கிறார்கள். அது மே அல்லது ஜூன் மாதத்தில் வரும். கதையும் அதே பருவத்தில், வாற்கோதுமை அறுப்பில் தொடங்கிக் கோதுமை அறுப்புவரை நடக்கிறது. முடிந்தால் உங்கள் நான்கு வாரங்களையும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. பழைய தமிழ் வேதாகமம் ஒன்றும், எளிய நடையிலுள்ள புதிய மொழிபெயர்ப்பு ஒன்றும், ஒரு கிண்ணம் பார்லியும் போதும். வாற்கோதுமை என்று நம் வேதாகமம் சொல்வது உணவங்காடி நிலையத்தில் குளிர்பானமாகக் குடிக்கிறோமே, அதே பார்லிதான். தேக்காவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அதை மேசையின் நடுவில் வையுங்கள். மாமியாரையும் மருமகளையும் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். அருகருகே அமர்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசிக்கட்டும்.

முதல் மாலையில், ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள்படும் பெத்லெகேமில் பஞ்சம் வந்ததிலிருந்து தொடங்குங்கள். எலிமெலேக்கும் நகோமியும் இரண்டு மகன்களோடு மோவாபுக்குப் பிழைக்கப் போகிறார்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கணவன் இறக்கிறான்; பத்து ஆண்டுகளுக்குள் இரண்டு மகன்களும் இறக்கிறார்கள்; நகோமியும் மருமகள்களான ரூத்தும் ஓர்பாளும் என மூன்று விதவைகள் மிஞ்சுகிறார்கள். ரூத் மோவாபியப் பெண் என்பதைக் கதை திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படக் கூடாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. நகோமி பெத்லெகேமுக்குத் திரும்பும்போது, தன்னை வரவேற்கும் என்று எந்த உறுதியும் இல்லாத அந்த ஊருக்குத்தான் ரூத்தும் புறப்படுகிறாள்.

இந்த இடத்தில் அந்தப் பெண் மின்தூக்கியடியில் கேட்ட கேள்வியை முன்வையுங்கள். நகோமி மருமகள்களை ஒருமுறை அல்ல, மீண்டும் மீண்டும் திரும்பிப் போகச் சொல்கிறாள்; அவர்களை முத்தமிட்டு, ஆசீர்வதித்து, மறுமணம் செய்துகொண்டு சுகமாக வாழச் சொல்கிறாள். விட்டுவிடத் தயாராக இருந்த ஒரு மாமியாருக்குத்தான் இப்படிப்பட்ட மருமகள் கிடைத்தாள். ஓர்பாள் அழுது, முத்தமிட்டுத் திரும்பிப் போகிறாள். வேதம் அவளைப்பற்றி ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். அவள் மாமியார் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். ரூத் திரும்பிப் போகாமல் உடன் வந்தது எவரும் கேட்காதது. கேட்டுப் பெற முடியாதது. எனவே இந்த அதிகாரத்தை வைத்து எந்த மருமகளிடமும் எதையும் கேட்காதீர்கள்.

அதிகாரத்தின் கடைசி வசனங்களை விரைந்து கடந்துவிடாதீர்கள். பெத்லெகேமுக்கு வந்ததும் நகோமி ஊர்ப் பெண்களிடம், தன்னை இனி மாரா, அதாவது கசப்பு, என்று கூப்பிடச் சொல்கிறாள். நிறைவாகப் போன தன்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பி வரச்செய்தார் என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது ரூத் பக்கத்தில் நிற்கிறாள். அத்தனையையும் விட்டுவிட்டு வந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் அதற்கு ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர் நம்மைக் காணாதபோதும் உடன் நிற்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டிய இடம் இதுதான். நகோமியையும் கண்டிக்காதீர்கள். அவள் கடவுளை நோக்கித்தான் முறையிடுகிறாள். கசந்துபோய் முறையிடுவதும் விசுவாசத்திற்குள் அடங்கும். வாசித்தபின் இரண்டு நிமிடம் எல்லாரும் பேசாமல் இருக்கலாம்.

இரண்டாம் மாலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்’ என்று ரூத் வழியில் சொன்ன பெரிய வாக்கு இங்கே வயல்வேலையாக மாறுகிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்தியதைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் சட்டம். அந்தச் சட்டத்தை நம்பி, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, வேலையாட்களின் கண்காணியிடமும் அனுமதி கேட்டு, ரூத் காலையிலிருந்து கதிர் பொறுக்குகிறாள். தற்செயலாக அமைந்த அந்த வயல் எலிமெலேக்கின் உறவினனான போவாசுடையது. சாயங்காலம் தட்டிப் புடைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு ஏப்பா வாற்கோதுமை தேறியது. இன்றைய கணக்கில் அது சுமார் 22 லிட்டர். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்கள் நான்கை அடுக்கிக் காட்டுங்கள், இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கும் என்று சொல்லுங்கள். அதைச் சுமந்துகொண்டுதான் அவள் ஊருக்குள் நடந்து போனாள்.

ஆனால் என் மனம் தங்குவது அந்த மூட்டையில் அல்ல. மத்தியான வேளையில் போவாஸ் அவளைக் கூப்பிட்டு, அப்பத்தைக் காடியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்லி, வறுத்த தானியத்தையும் கொடுக்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு, மிஞ்சியதை வைத்துக்கொள்கிறாள். இரவில் வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து மாமியாருக்குக் கொடுக்கிறாள். தான் பட்டினி கிடந்து கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வயிறார உண்டபின் மீந்ததைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். என் மாமியார் இந்த வசனத்தைக் கேட்டபோது கிண்ணத்தில் இருந்த பார்லியை விரலால் கிளறிக்கொண்டே, “வேலைக்குப் போன இடத்தில் வீட்டை நினைத்திருக்கிறாள்” என்றார். அவர் இளமையில் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். கொடுத்த பலகாரத்தில் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து என் கணவருக்குக் கொண்டுவந்ததை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். இப்படிப்பட்ட பேச்சு எழுந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மிச்ச வசனங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் மாலை சங்கடமானது. ரூத் குளித்து, எண்ணெய் பூசி, இரவில் போரடிக்கிற களத்தில் படுத்திருக்கும் போவாசின் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகவும் வேண்டாம், வேதம் சொல்லாததைச் சேர்த்துப் பேசவும் வேண்டாம். இரண்டு சொற்களை மட்டும் விளக்கினால் வழி திறக்கும். முதலாவது ‘சுதந்தரவாளி’. பழைய வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்பது உரிமைப் பங்கைக் குறிக்கும். இந்தக் கதையில் சுதந்தரவாளி என்பவன் உறவினரின் கைவிட்டுப்போன நிலத்தை மீட்டு, குடும்பத்தின் பெயர் அழியாமல் தாங்க வேண்டிய நெருங்கிய உறவினன். இதைச் சொல்லாவிட்டால் இளையவர்கள் தேசிய தின விடுதலையைத்தான் நினைப்பார்கள். இரண்டாவது, எபிரெயத்தில் ‘கானாப்’ என்ற சொல். அதற்குச் செட்டை, அதாவது சிறகு, என்றும் ஆடையின் ஓரம் என்றும் பொருள் உண்டு. முந்திய அதிகாரத்தில், கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்தவளுக்கு நிறைவான பலன் கிடைக்கட்டும் என்று போவாஸ் வாழ்த்தினான். இப்போது ரூத் அதே சொல்லை எடுத்து, உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். நீங்கள் வேண்டிக்கொண்ட அந்தச் செட்டை நீங்களாகவே இருக்கலாமே என்பதுதான் அவள் கேட்பது. ஜெபம் செய்தவரிடமே அந்த ஜெபத்திற்கான பதிலைக் கேட்கும் துணிவு இது. அவளுடைய விசுவாசத்தில் பணிவு மட்டும் இல்லை.

விடியுமுன் போவாஸ் ஆறு படி வாற்கோதுமை அளந்து கொடுத்து, அவள் மாமியாரிடம் வெறுமையாய்ப் போகக் கூடாது என்கிறான். முதல் அதிகாரத்தில் நகோமி தன்னைக் குறித்துச் சொன்ன அதே ‘வெறுமை’ என்ற எபிரெயச் சொல்தான் இங்கேயும் வருகிறது. இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், விளக்கம் வேண்டியிராது.

நான்காம் மாலையில், ஊர்வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் நடக்கும் வழக்கைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் எலிமெலேக்கின் நிலத்தை விரும்புகிறான். ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும் தன் சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கி, உரிமையை விட்டதற்கு அடையாளமாகப் பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறான். அவன் பெயரைக் கதை பதிவு செய்யவே இல்லை. போவாஸ் ரூத்தை மணக்கிறான். அவர்களுக்குப் பிறந்த ஓபேத் ஈசாயின் தகப்பன். ஈசாய் தாவீதின் தகப்பன். பின்னாளில் சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது தன் பெற்றோரை மோவாப் ராஜாவிடம் பாதுகாப்பாக விட்டதை 1 சாமுவேல் 22ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். கொள்ளுப்பாட்டி வழி ஊரை அவன் மறக்கவில்லை போலும்.

கதை சொல்பவர் தம் வாயால், கர்த்தர் இதைச் செய்தார் என்று சொல்வது முழுப் புத்தகத்திலும் இரண்டே இடங்களில்: தம் ஜனத்துக்கு ஆகாரம் அருளியபோதும், ரூத்துக்குக் கருவுறும் வரம் தந்தபோதும். இடைப்பட்ட அத்தனை நாட்களிலும் கண்ணுக்குத் தெரிவது மனிதர் ஒருவருக்கொருவர் செய்யும் தயவு மட்டுமே. ஏழு குமாரரைப் பார்க்கிலும் இந்த மருமகள் உனக்கு மேலானவள் என்று ஊர்ப் பெண்கள் நகோமியிடம் சொல்லும் வசனத்தை, வீட்டில் வயதில் மூத்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியார் வாசித்தார். ‘மேலானவள்’ என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிறகு முடித்தார்.

அன்று மேசையில் இருந்த பார்லியைக் கஞ்சியாக்கிப் பரிமாறுங்கள். எட்டுப் பேருக்கு ஒன்றரைக் கோப்பை போதும். முந்தின இரவே ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். முதல் வாரமே கிண்ணத்தில் கொட்டி, எல்லாருடைய கையும் பட்டது என்பதால் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.