வின்மெயில்.டாட்டைப் பிரிப்பது எப்படி?
தைப்பூசக் காவடி ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு வரும். திறந்தால் நாளும் இல்லை, நேரமும் இல்லை, ‘வின்மெயில்.டாட்’ என்று ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் தனக்கே உரிய வடிவத்தில் மூட்டை கட்டி அனுப்புவதால் வரும் வினை இது.

‘ஒய்டிநெஃப்’ என்ற இலவச மென்பொருள் மூட்டையைப் பிரித்து, காலண்டர் பதிவைத் தனிக் கோப்பாக எடுத்துத் தரும். கட்டளை தட்டித்தான் ஓட்டவேண்டும். கொஞ்சம் முரடு, ஆனால் வேலை சுத்தம். அப்புறம் கோப்பை கூகுள் காலண்டரில் இம்போர்ட் செய்யலாம். போன் செயலியில் முடியாது, கணினியில்தான்.

நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். கோப்பை நோட்பேடில் திறந்தால் ‘130000’ என்ற எண்ணும் ஒட்டினாற்போல் ‘இசட்’ எழுத்தும் தெரிகிறதா? அது யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி பகல் 1 மணி. மொரீஷியஸுக்கு 4 மணி கூட்டுங்கள்: மாலை 5. சென்னையிலிருந்து சேருபவருக்கு 6:30.