கோழிக்குப் புழுத் தீவனம்: சிப்பாய் ஈ வளர்க்கும் முறை

பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி இருக்கும் வீட்டில், காய்கறிக் கழிவை வைத்தே தீவனச் செலவில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம். அதற்கு ஏற்றது கருப்பு சிப்பாய் ஈயின் புழு. விற்பவர்கள் பி.எஸ்.எஃப். என்பார்கள். காய்ந்த புழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் வரை கொழுப்பு. சுண்ணாம்புச் சத்தும் அதிகம்.

வீட்டு ஈயின் புழுவை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அந்த ஈ மூலமாகக் கோழிக்கு நாடாப்புழு வரும். இரண்டையும் எளிதாகப் பிரித்தறியலாம்: வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு முனை கூராக இருக்கும். சிப்பாய் ஈயின் புழு தட்டையாக, வரிவரியாக, தோல் தடித்து, 2 செ.மீ. வரை வளரும். வளர்ந்த சிப்பாய் ஈ நம் சோற்றிலோ பழத்திலோ வந்து மொய்க்காது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே அதன் ஆயுள் ஓடிவிடும்.

முதல் முறைக்கு முட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். கால் கிராமில் எட்டாயிரத்துக்கும் மேல் முட்டை இருக்கும், ஒரு வீட்டுக்கு அது தாராளம். கோழிக்குஞ்சுத் தீவனம் 200 கிராமை 450 மி.லி. தண்ணீரில் குழைத்து ஒரு சிறு பேசினில் பரப்புங்கள். அதன் மேல் கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டி முட்டையை வலையில் வையுங்கள். முட்டை ஈரத்தில் நேராகப் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்று நான்கு நாளில் பொரிந்து, குஞ்சுப் புழுக்கள் தாமே கீழே விழும். அங்கேயே ஐந்து நாள் விட்டுவிடுங்கள்.

பிறகு ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டிரேக்கு மாற்றுங்கள். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் இருந்தால் பத்தாயிரம் புழுவரை தாங்கும். வெயிலும் மழையும் படாத தாழ்வாரம்தான் இடம். டிரேயை வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு நுழைந்தால் ஒரே இரவில் மொத்தத்தையும் காலி செய்துவிடும்.

பத்தாயிரம் புழுவுக்குப் பன்னிரண்டு நாளில் சுமார் 15 கிலோ கழிவு வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவு போதாது, காய்கறிக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1 செ.மீ. அளவுக்கு நறுக்கி, மூன்று பங்காக்கி, முதல் நாள், ஐந்தாம் நாள், எட்டாம் நாள் போடலாம். தினம் கொஞ்சமாகவும் போடலாம். ஆனால் முந்தையது கரைந்த பிறகே அடுத்தது. கழிவின் உயரம் 8 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம், அடியில் காற்றில்லாமல் அழுகும். உப்பும் எண்ணெயும் தூக்கலான மீந்த குழம்பு, எலும்பு, முட்டை ஓடு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இறைச்சியோ செத்த கோழியோ ஒருபோதும் போடக்கூடாது. பிணத்தில் வளர்ந்த புழுவைத் தின்ற கோழிக்குக் கழுத்து துவண்டு, கால் செயலிழந்து சாகும் நச்சு நோய் வரும்.

இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கழிவை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நாலைந்து சொட்டு வந்தால் சரி. ஓடினால் அதிகம். தர்பூசணி, பூசணி, வெள்ளரி போட்டால் கட்டாயம் தவிடோ தென்னைநார்க் கழிவோ கலக்கவேண்டும். ஈரம் கூடினால் சாக்கடை நாற்றம் வரும், வீட்டு ஈ வரும், புழுக்களும் மூச்சுத் திணறி மேலே ஏறும். டிரேயின் உட்சுவர் நனைந்திருந்தால் செங்குத்தாகவே ஏறி வெளியேறிவிடும். சுவரைத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். ஈரம் சரியாக இருந்தும் கூட்டமாக ஏறினால் சூட்டைப் பாருங்கள். நெருக்கத்தில் புழுக்களே சூட்டைக் கிளப்பும், 45 டிகிரியைத் தொட்டால் செத்துவிடும். இரண்டு டிரேயாகப் பிரித்தால் அடங்கும்.

வெளிர்நிறப் புழுக்களுக்கிடையே ஒன்றிரண்டு கருக்கத் தொடங்கியதும் அறுவடை. அதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினால்தான் புழு தின்று மிஞ்சிய எருவும் உதிரியாகி 5 மி.மீ. சல்லடையில் புழு தனியாகப் பிரியும். ஒரு கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் காயவைத்தால் சேமிக்கலாம்.

பச்சைப் புழுவென்றால் பெரிய கோழி ஒன்றுக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் போதும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள். கொழுப்புக் கூடி முட்டை குறையும். தானியமும் கீரையும் வழக்கம்போல் தொடரவேண்டும். குஞ்சுகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து சின்னப் புழுவாகப் பொறுக்கிப் போடுங்கள்.

கருத்த புழுக்களில் ஒரு இருநூறை ஒதுக்கி, காய்ந்த தென்னைநார்க் கழிவு நிரப்பிய இருட்டுப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குப் பின் ஈயாகும். அதற்கு நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு கொசுவலைக் கூண்டு, தினம் வலைமேல் தெளிக்கத் தண்ணீர், அடியில் புளித்த தவிட்டுக் கிண்ணம். கிண்ணத்தின் மேல் தவிட்டில் படாமல் அட்டைப்பெட்டித் துண்டுகளை அடுக்கிக் கட்டுங்கள். அட்டையின் துளைகளுக்குள் முட்டை வைக்கும். வெயில் இல்லாவிட்டால் ஈக்கள் சரியாக இணைசேராது. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் தொடர்ந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையை வெளியில் வாங்கிக்கொள்வதே மேல்.