கறுப்பு வெள்ளை பெயின்டிங் பார்ட்டி: சாம்பலில்தான் சறுக்குகிறோம்

நண்பர்கள் எட்டுப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து ஒரு சாயங்காலம் படம் வரையலாம் என்று கிளம்புகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டே கலர்தானே, செலவும் கம்மி, வேலையும் கம்மி." செலவு குறைவு என்பது சரி. வேலை குறைவு என்று நினைப்பதுதான் முதல் தவறு. நிறம் இல்லாத படத்தில் கண்ணுக்குப் பிடிமானம் வெளிச்சமும் நிழலும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே இருக்கிற சாம்பல்கள்தான் படத்தைத் தாங்குகின்றன.

நான் முதல் தடவை நடத்தியபோது ஆளுக்கொரு தட்டில் கறுப்பு, வெள்ளை அக்ரிலிக் வண்ணங்களை (தண்ணீரில் கலக்கிற, சீக்கிரம் காய்கிற பெயின்ட்) சம அளவில் பிதுக்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாத் தட்டும் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளை தீர்ந்துபோனது, கறுப்பு அப்படியே கிடந்தது. கறுப்புக்கு வலு அதிகம். கறுப்பை எடுத்துவைத்துக்கொண்டு அதில் வெள்ளையைச் சேர்த்து வெளிர் சாம்பல் கொண்டுவரப் பார்த்தால் எவ்வளவு வெள்ளையும் போதாது. வெள்ளையை முதலில் எடுத்துக்கொண்டு, கறுப்பைக் கடுகளவு கடுகளவாகச் சேர்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குல கேன்வாஸில் எட்டுப் பேர் வரைவதாக இருந்தால் வெள்ளை 250 மில்லி, கறுப்பு 75 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் டைட்டானியம் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். ஜிங்க் வெள்ளை மெல்லிய துணி மாதிரி, அடியில் பூசியதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, சாம்பலை வந்தவர்களே கலந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வெளிர், நடு, அடர் என்று மூன்று சாம்பலை முந்தின நாளே கலந்து, இறுக மூடுகிற சின்ன டப்பாக்களில் வைத்துவிடுங்கள். அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது பால் விட்டதுபோல வெளிறித் தெரியும். காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், எதை வரைவது? இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அழகான வண்ணப் புகைப்படம் ஒன்றைக் காட்டி, "இதைக் கறுப்பு வெள்ளையில் போடுங்கள்" என்கிறார்கள். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்புச் செம்பருத்தி பளிச்சென்று தெரியும். அதே படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பூவும் இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோயிருக்கும். எந்தப் படமானாலும் போனில் மாற்றிப் பார்க்காமல் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள்.

நான் இப்போதெல்லாம் புகைப்படமே வைப்பதில்லை. வெள்ளைத் துணிமேல் ஒரு வெள்ளை முட்டை, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. (முட்டை வேண்டாம் என்கிற வீடுகளில் ஒரு முழுப் பூண்டு வைக்கலாம்.) கண்ணைப் பாதி இடுக்கிக்கொண்டு அந்த முட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்த வெள்ளை என்பது விளக்கைப் பார்த்த பக்கத்தில் ஒரு பொட்டு அளவுதான். அங்கிருந்து சாம்பல் மெல்ல மெல்ல ஏறி, முக்கால் தூரத்தில் அடர்கிறது. அடிவிளிம்பில் மறுபடியும் கொஞ்சம் வெளுக்கிறது, துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து விழுவதால். முட்டைக்குக் கீழே, துணியைத் தொடுகிற இடத்தில் மட்டும் மையிருட்டாக ஒரு கீற்று. இதைக் கண்டுபிடிக்கிற நிமிடத்தில் ஒருவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் இந்தச் சாயங்காலங்களையே நடத்துகிறேன்.

பிரஷ்ஷைப் பார்த்தாலே தயங்குகிறவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் கறுப்பு மைப் பேனா கொடுங்கள். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் இருப்பது மைக் கோடுகள்தான். கோடு நெருங்குகிற இடம் இருளாகிறது, விலகுகிற இடத்தில் வெளிச்சம் வருகிறது. சாம்பலைக் கோட்டாலும் கொண்டுவரலாம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

வெள்ளை கேன்வாஸை அப்படியே நீட்டுவதும் தவறு. வெள்ளைப் பின்னணியில் எந்தச் சாம்பலும் இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும், கை பயந்து பயந்து வெளிறிய படமாகவே போடும். முதல் நாளே நடு சாம்பலை நீர்க்கக் கலந்து எல்லா கேன்வாஸுக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை வெள்ளையாலும் நிழலைக் கறுப்பாலும் அதன்மேல் எழுப்பலாம்.

அறையில் ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, இன்னொரு பக்கம் வெள்ளை டியூப்லைட் என்று இருந்தால் ஒரே சாம்பல் இங்கே பழுப்பாகவும் அங்கே நீலமாகவும் தெரியும். ஏதாவது ஒரு வகை விளக்கை மட்டும் போடுங்கள். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தட்டிலேயே வண்ணம் தோல் கட்டிவிடும். ஆளுக்கு இரண்டு தண்ணீர்க் குவளை வேண்டும், கறுப்பு பிரஷ்ஷுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. பிரஷ்ஷும் அப்படித்தான், தனித்தனி. காபி டம்ளர் அந்த மேஜைக்கே வரக்கூடாது.

அழைப்பில் வெறுமனே "கறுப்பு வெள்ளை பார்ட்டி" என்று போட்டால் அதை உடை விதியாக எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார்கள். என் தோழி ஒருத்தி புது வெள்ளைக் குர்த்தாவில் வந்தாள். முழங்கையில் பட்ட கறுப்பை வீட்டுக்குப் போய்த் துவைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஈரத்திலேயே சோப்பும் தண்ணீரும் போட்டிருந்தால் போயிருக்கும். காய்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அந்தக் குர்த்தா போனது போனதுதான். பழைய உடையில் வரச் சொல்லி அழைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். தட்டில் மிஞ்சிய வண்ணத்தையும் ஸிங்க்கில் கழுவி விடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, வழியனுப்பும் நேரம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் வைத்து ஒரே பைக்குள் திணிக்காதீர்கள். அக்ரிலிக்மேல் அக்ரிலிக் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் வெள்ளை இன்னொன்றோடு உரிந்து வரும். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.