பழைய ரைஃபிளில் விடாத துரு: என் அனுபவம்

அப்பாவுக்குப் பிறகு என் லைசென்ஸுக்கு வந்த .315 ரைஃபிள், பழைய ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டின் போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டு) அமைப்பு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டைப் பேச்சே இல்லை. ரேஞ்சில் சுடுவதோடு சரி. தேவிபட்டினம் வீட்டில் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் குழலுக்குள் செம்பட்டையாகத் துரு. கடல் காற்று மட்டும் காரணமில்லை. பழைய ரகத் தோட்டாவின் கேப் (மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் சின்ன மூடி) வெடித்தால் பொட்டாசியம் குளோரைடு படியும். அதுவும் உப்புதானே, ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும்.

அந்தக் காலச் சிப்பாய்கள் செய்ததையே செய்தேன். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினேன். சூட்டில் குழல் சீக்கிரம் காய்ந்துவிடும். வெள்ளைத் துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். மரக்கட்டையில் மட்டும் தண்ணீர் இறங்கக் கூடாது. தோல் உறையில் வைக்கவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும்.