விமானத் தொலைவும் பயண நேரமும்: குமரி மாவட்டத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். மாநில எல்லையைக் கடந்து போய் வரும் இந்தப் பயணத்தில் நேரத்தைத் தவறாகக் கணக்கிடுவதால் படும் அவதி, சற்றுக் கவனித்தால் முழுவதும் தவிர்க்கக்கூடியது.

முதல் தவறு, பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்ப்பது. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரமும், குவைத், தோகா, ரியாத் ஆகியவை இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை. காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் துபாயில் 12.45க்கு இறங்குகிறது என்றால், பயணம் இரண்டே முக்கால் மணி நேரமன்று, நாலேகால் மணி நேரம். திரும்பும்போது பிற்பகல் 2 மணிக்கு ஏறி இரவு 7.30க்கு இறங்கினால், ஐந்தரை மணி நேரம் போலத் தோன்றினாலும் உண்மையில் நான்கு மணி நேரம்தான் ஆகியிருக்கும். வரும்போது நேரம் குறைவதற்குக் காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று. பனிக்காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

தொலைவை வேகத்தால் வகுத்து நேரத்தைக் கண்டுவிடலாம் என்று எண்ணுவதும் பிழையே. திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 615 கிலோமீட்டர். சாலை வழியே 750 கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 43 நிமிடம் வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல், நிறுத்துமிடத்தை அடைதல் எல்லாம் சேர்ந்தே அட்டவணை நேரம் அமைவதால், அது ஒன்றரை மணியை ஒட்டி வருகிறது. தொலைவின் அலகையும் பார்க்க வேண்டும்: துபாய்க்கு உள்ள சுமார் 2,950 கிலோமீட்டரும், 1,830 மைலும், 1,590 கடல் மைலும் ஒரே தொலைவுதான்.

மிகவும் வேதனை தருவது தேதிக் குழப்பம். 20ஆம் தேதி 00.40 மணி என்று அச்சிட்டிருந்தால், 19ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 20ஆம் தேதி இரவு போய் நிற்பவருக்குப் பணமும், சில வேளைகளில் வேலையும் போய்விடுகிறது.

திருவனந்தபுரத்தில் சங்குமுகம் பக்கம் ஒரு முனையமும், ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கை பக்கம் இன்னொரு முனையமும் உள்ளன. தவறான முனையத்தில் இறங்கினால் சாலையில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முனைய எண்ணைப் பார்த்துவிடுங்கள். வழியில் உள்ள பாலராமபுரம் ஊரின் சாலை நெரிசலுக்கென்று தனியே நேரம் ஒதுக்குங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குச் செல்வதால், அந்த இரு நாட்களிலும் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அன்று பயணம் இருந்தால் மாற்றப்பட்ட நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.