கோழியின்ர இரைப்பை வீங்கினால் செய்யக்கூடாத வேலையள்

பின்னேரம் கூட்டுக்குள்ள ஏறுற நேரம் கோழியின்ர நெஞ்சில ஒரு உருண்டை தள்ளிக்கொண்டு நிக்கிறதைக் கண்டு பயந்து மருந்து தேடுறதுதான் முதல் பிழை. நாள் முழுக்க வளவில பொறுக்கித் திண்டது இரைப்பையில, அதாவது தீன் முதல்ல சேருற கழுத்தடிப் பையில, கிடக்குது, அந்த நேரம் அது நிறைஞ்சுதான் இருக்கோணும். பாக்கவேண்டியது விடியக் காலமை, தீன் போட முதல். கழுத்தடியில, கோழியின்ர வலப்பக்கமாத் தடவிப் பாருங்கோ, இரவு முழுக்க செமிச்சு தட்டையா இருந்தால் ஒரு வருத்தமும் இல்லை, விட்டிடுங்கோ.

காலமையும் வெறுமையாகேல்லையெண்டால்தான் யோசிக்கோணும். பிசைஞ்ச றொட்டி மா மாதிரி இறுகிக் கிடந்தால் அடைப்பு. தண்ணி கட்டி தளதளவெண்டு இருந்து, வாயை மணந்தால் புளிச்ச நாத்தம் அடிச்சால் உள்ளுக்குள்ள பூஞ்சணம் பெருகிட்டுது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, ஆனா எங்கட ஆக்கள் ரெண்டுக்கும் ஒரே வேலைதான் செய்யினம், காலில பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி சத்தியெடுக்க வைக்கிறது.

தயவுசெய்து இதைச் செய்யாதேங்கோ. கோழிக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலதான் இருக்கு, மேல வாற புளிச்ச தண்ணி அதுக்குள்ள போனால் நுரையீரலுக்குள்ள இறங்கி கண்ணுக்கு முன்னாலயே செத்துப்போகும், இல்லாட்டி ரெண்டு மூண்டு நாளில நிமோனியாவில போகும், வீட்டுக்காரர் இரைப்பை வருத்தத்தாலதான் செத்ததெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம். இப்பிடித் தலைகீழாப் பிடிக்கிற வீடியோவில இது லேசாத்தான் தெரியும், வீடியோ முடிஞ்சாப்பிறகு அந்தக் கோழிக்கு என்ன நடந்ததெண்டு ஆர் காட்டினது?

இறுகின அடைப்பை இளக்க எண்ணெய் பருக்கிறதிலயும் இதே ஆபத்துதான். வாயைப் பிளந்து சிரிஞ்சால நல்லெண்ணெய அடிக்கிறது கூடாது. குளிர் நாட்டுக்காரர் தேங்காயெண்ணெயக் கட்டியாக்கி சின்னத் துண்டா வைக்கினம், கோழி தானாக் கொத்தி விழுங்கும். எங்கட வெயிலுக்கு அது உறையாது, 24 பாகைக்கு மேல உருகிடும், பிரிட்ஜில வைச்செடுத்தால் சரி. பிறகு கோழிய நிமித்தி வைச்சுக்கொண்டு இரைப்பைய மெதுவா உருவி விடுங்கோ, ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம், கொஞ்ச நேரம். வாய்ப்பக்கம் தள்ளக்கூடாது, இறுக்கி நசிக்கவும் கூடாது. தண்ணி கட்டினதுக்கு உருவவே வேண்டாம்.

அடுத்தது மனுசருக்கு வாங்கி மிஞ்சின அன்டிபயோட்டிக். புளிச்ச இரைப்பையில இருக்கிறது கண்டிடா எண்ட பூஞ்சணம், அன்டிபயோட்டிக் அதைத் தொடாது, அதுக்கு எதிரா நிக்கிற நல்ல கிருமியளைத்தான் கொல்லும், பேந்து பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அதுக்கு நிஸ்டட்டின் மாதிரி பூஞ்சண மருந்துதான் வேணும், அளவை மிருக வைத்தியர் சொல்லோணும். சோர்ந்து கிடக்குதெண்டு பரிதாபப்பட்டு சீனித்தண்ணி, பனங்கட்டித்தண்ணி, ஊறின பாண் குடுக்கிறதும் அந்தப் பூஞ்சணத்துக்குத்தான் தீன்.

பட்டினி போடுறதிலயும் அளவு தெரியோணும். 12 மணித்தியாலத்தில இருந்து 24 மணித்தியாலம் வரைக்கும் தீன நிப்பாட்டலாம், அதுக்கு மேல வேண்டாம், தண்ணி எப்பவும் பக்கத்தில இருக்கோணும். பிறகு ஊறவைச்ச தீன் கொஞ்சம் கொஞ்சமா. தனியா, நிழலில, வைக்கோல் போடாத பெட்டியில விடுங்கோ, இல்லாட்டி அடைப்போட கிடக்கிற கோழி வைக்கோலையும் திண்டு வைக்கும்.

எங்கட பக்கத்தில ஆரும் யோசிக்காத ஒண்டு கல்லு. கோழிக்குப் பல்லு இல்லை, இரைப்பைக்கு அங்கால இருக்கிற தசைப்பையில சின்னக் கல்லு கிடந்துதான் தீன அரைக்குது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி, அந்தக் கல்லும் சிப்பித்தூளும் முட்டைக்கோதுக்கு நல்லது, ஆனா வயித்து அமிலத்தில கரைஞ்சுபோகும், அரைக்கிற வேலைக்கு நிக்காது. அடைச்சு வளக்கிற கோழியெண்டால் வீடு கட்டக் கொண்டுவாற கருங்கல்லில உதிருற மிளகளவு நொறுக்கை ஒரு சட்டியில வைச்சுவிடுங்கோ. நீளப் புல்லு, தென்னந்தும்பு, கிடுகு கட்டின நைலோன் நூல், கரையோர வளவுகளில வலைத்துண்டு, இதெல்லாம் உள்ளுக்க போனால் சுருண்டு கயிறாகிடும். வாயில நூல் தொங்கினாலும் இழுக்காதேங்கோ.

பெரிய பிழை என்னெண்டால் இரைப்பையே வருத்தமெண்டு நினைக்கிறது. குடலில புழு, அங்கால எங்கயாவது அடைப்பு, முட்டை சிக்கி நிக்கிறது, இதுகளாலயும் இரைப்பை இறங்காமல் நிக்கும். பச்சையாக் கழிச்சு, மூச்சு வாங்கி, கழுத்தும் திருகுதெண்டால் ராணிக்கெட் எண்ட தொத்து வருத்தமெண்டு சந்தேகப்படுங்கோ, உருவிக்கொண்டு இருக்காமல் மற்றக் கோழியளில இருந்து உடன பிரியுங்கோ.

பிளேட்டால கீறித் தைக்கிறவையும் இருக்கினம். மரக்கப்பண்ணாமல் வெட்டுறது சித்திரவதை, புண்ணும் சீழ் வைக்கும். ரெண்டு நாளில இறங்கேல்லையெண்டால் காத்துப்போற பெட்டியில கோழிய நிமித்தி வைச்சு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கோ, வீட்டில என்னென்ன பருக்கினீங்களெண்டதையும் மறைக்காமல் சொல்லுங்கோ, அது தெரியாமல் அவையாலயும் சரியான மருந்து எழுதேலாது.