கிம்பில் தங்க எழுத்து: தைப்பூசப் பன்டிங்கிற்குத் தலைப்பு செய்வது எப்படி

இணையத்தில் ‘கோல்டு டெக்ஸ்ட்’ என்று தேடினால் வரும் பாடங்களில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்குப் போட்ட அளவுகள். அதையே தமிழுக்குப் போட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ழ, ள போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். அதனால் இங்கே ஒவ்வோர் அளவையும் புள்ளியையும் சுழியையும் பார்த்துத்தான் வைக்கப் போகிறோம்.

வேலைக்கு எடுத்துக்கொள்வது, மலேசியாவின் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தும் 2 அடிக்கு 5 அடி பன்டிங், அதாவது நெட்டுக்கு நிற்கும் பதாகை. வாசகம் ‘தைப்பூச நல்வாழ்த்துகள்’, இரண்டு வரியாக. படம் செய்யும் மென்பொருள் கிம்ப், காசு கட்ட வேண்டாம். 2.10, 3.0 பதிப்புகள் இரண்டிலும் இந்த வழி ஓடும், சில மெனு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கலாம்.

எழுத்துரு

மெல்லிய எழுத்தில் தங்கம் எடுபடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் ‘பிளாக்’ அல்லது பாலூ தம்பி 2 ‘எக்ஸ்ட்ரா போல்டு’ எடுங்கள். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். இறங்கும் சிப் கோப்பைத் திறந்து ‘ஸ்டேட்டிக்’ என்ற உறைக்குள் இருப்பவற்றை நிறுவுங்கள். வெளியே இருக்கும் ‘வேரியபிள்’ கோப்பை நிறுவினால், 2.10இல் தடித்த வகை சரியாக வராமல் போகலாம். கிம்ப் திறந்திருக்கும்போதே நிறுவியிருந்தால் மூடித் திறந்துவிடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘தமிழ் சங்கம் எம்என்’ கணினியிலேயே இருக்கிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நம் முத்து நெடுமாறன் செய்தது. ஆனால் இந்த வேலைக்கு அதன் கோடு கொஞ்சம் மெலிவு.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். முதலில் அதை யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தாளும் எழுத்தும்

ஃபைல் > நியூ. அகலம் 2400, உயரம் 6000 பிக்சல். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அங்குலத்துக்கு 100 பிக்சல். இரண்டடி என்றால் 24 அங்குலம், கணக்கு சரியாக இருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கும் பன்டிங்கிற்கு 100 போதும். 300 வைத்தால் கணினி மூச்சுத் திணறும். பின்னணிக்கு அடர் அரக்குச் சிவப்பு: வண்ணப் பெட்டியை 0..255 முறைக்கு மாற்றி சிவப்பு 90, பச்சை 15, நீலம் 20.

வாசகத்தை நோட்பேடில் அடித்து, எழுத்துக் கருவியில் (டி விசை) ஒட்டுவதுதான் நிம்மதி. அளவு 260 பிக்சலில் தொடங்கி, இரு ஓரமும் 150 பிக்சலாவது மிஞ்சும்படி கூட்டிக் குறையுங்கள். ‘பூ’வின் கீழ்க்கால் இரண்டாம் வரியின் புள்ளிகளை இடிக்கிறதா என்று பாருங்கள், இடித்தால் வரி இடைவெளியைக் கூட்டுங்கள். மேலே மலாய் வாசகத்துக்கும் இடம் விட்டுவையுங்கள்.

இப்போது பெரிதாக்கி, ஷிஃப்ட் + எம் அளவுக் கருவியால் மூன்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்துக் கோட்டின் தடிமன், ‘ல்’ மேல் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, முதல் வரிப் புள்ளியின் உச்சியிலிருந்து இரண்டாம் வரிப் புள்ளியின் உச்சி வரை உள்ள தூரம். இனி வரும் அளவுகள் இந்த மூன்றிலிருந்துதான்.

தங்கம்

எழுத்து அடுக்கை (லேயர்) நகலெடுத்து (ஷிஃப்ட் + கன்ட்ரோல் + டி) மூல அடுக்கை மறைத்து வையுங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதுதான் கைகொடுக்கும். நகலில் வலது சொடுக்கி ‘டிஸ்கார்டு டெக்ஸ்ட் இன்ஃபர்மேஷன்’, பிறகு ‘லேயர் டு இமேஜ் சைஸ்’. அடுக்குப் பெட்டியில் சதுரங்கக் கட்டம் போட்ட ‘லாக் ஆல்ஃபா’வை அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் வண்ணம் எழுத்துக்குள் நிற்காது, தாள் முழுக்கப் பரவும்.

முன்வண்ணம் 138, 90, 16. பின்வண்ணம் 255, 236, 165. கிரேடியன்ட் கருவி (ஜி), வகை ‘எஃப்ஜி டு பிஜி’, வடிவம் ‘லீனியர்’, ரிப்பீட் ‘டிரையாங்குலர் வேவ்’. முதல் வரிப் புள்ளியின் உச்சியிலிருந்து, கன்ட்ரோலைப் பிடித்தபடி நேர் கீழே, நீங்கள் அளந்த வரித் தூரத்தில் சரிபாதி இழுங்கள். தூரம் 400 என்றால் 200. அலை ஏறி இறங்க 400 ஆகும் என்பதால் இரண்டு வரியிலும் ஒளி ஒரே இடத்தில் விழும். பாதியைத் தவறவிட்டால் மேல்வரி பளபளக்கும், கீழ்வரி செம்பாகத் தெரியும்.

புடைப்பு

லேயர் > டிரான்ஸ்பரன்சி > ஆல்ஃபா டு செலெக்ஷன். பிறகு ஃபில்டர்ஸ் > டெக்கர் > ஆட் பெவல். ‘ஒர்க் ஆன் காப்பி’யின் குறியை எடுத்துவிடுங்கள், இல்லையேல் வேலை வேறொரு படத்துக்குப் போய்விடும்.

இங்கே கேட்கும் புடைப்பின் தடிமன் (‘திக்னஸ்’), நீங்கள் அளந்த எழுத்துக் கோட்டின் தடிமனில் பாதியைத் தொடக்கூடாது. கோடு 34 பிக்சல் என்றால் 17இல் இரு பக்கச் சரிவும் நடுவில் முட்டிக் கூராகும், தங்கம் தெரிய இடமிருக்காது. கால்வாசி, அதாவது 8, நல்ல அளவு. போட்டபின் புள்ளிகளைப் பாருங்கள்: நடுவில் தட்டையாகக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும்.

ஓரக்கோடும் நிழலும்

மறுபடி ஆல்ஃபா டு செலெக்ஷன், செலெக்ட் > குரோ. இங்கேதான் அதிகம் சொதப்பும். புள்ளியும் எழுத்தும் இரண்டு பக்கமிருந்தும் வளர்வதால், இடைவெளி 24 என்றால் 12இலேயே ஒட்டிவிடும். 7 அல்லது 8 வையுங்கள். வளர்த்ததும் ‘ழ்’, ‘ள்’ சுழிகளுக்குள் தேர்வுக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் சுழி அடைத்துவிட்டது. கன்ட்ரோல் + இசட் அடித்துக் குறைத்துப் போடுங்கள். தங்க அடுக்குக்குக் கீழே புதிய அடுக்கு திறந்து 40, 18, 5 வண்ணத்தை நிரப்புங்கள். ஷிஃப்ட் + கன்ட்ரோல் + ஏ தேர்வை நீக்கும்.

நிழலை இந்த ஓரக்கோடு அடுக்கிலேயே போடுங்கள்: ஃபில்டர்ஸ் > லைட் அண்டு ஷேடோ > டிராப் ஷேடோ. எக்ஸ் 12, ஒய் 12, பிளர் 15, ஒபாசிட்டி 0.6. புடைப்பின் ஒளி மேல் இடப்பக்கமிருந்து வருவதால் நிழல் கீழ் வலப்பக்கம்தான் விழ வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் செய்பவர்களுக்கு ஒன்று: ‘தை’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். பாராகிராஃப் பெட்டியின் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி’ முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பதிப்பில் முதலில் பிரிஃபரன்சஸ் > டைப் பகுதியில் அதை இயக்கிவிட்டு, வாசகத்தைப் புதிதாக ஒட்ட வேண்டும்.

கடைக்கு அனுப்புவது

அடுக்குகளோடு சேமிக்கும் கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு உங்களுக்கு, அச்சுக் கடைக்கு ஃபைல் > எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். திரையில் மின்னும் தங்கம் அச்சில் கடுகு நிறத்துக்கு இறங்குவது வழக்கம், அச்சு மையால் திரையின் ஒளியைத் தர முடியாது. வெளிர் மஞ்சளை இன்னும் வெளுப்பாக்கி, 255, 245, 200 வரை கொண்டுபோனால் பளபளப்பு ஓரளவு மிஞ்சும். பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கிலோ எந்தக் கடையானாலும், முழுப் பன்டிங்கையும் அடிக்கும் முன் தலைப்புப் பகுதியை மட்டும் ஒரு சிறு துண்டில் அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள்.